லைபீரியாவில் தாதித்தொண்டு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



கடல்கடந்த நாடொன்றிலே தாதித்தொண்டு செய்த அநுபவத்தைக் குறித்துப் பேசவேண்டும் என்று காரியதரிசி அவர்கள் எங்களைக் கேட்டபொழுது முதலில் மறுத்துவிட்டோம். மேடைப் பேச்சு எங்களுக்குப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். மற்றைய காரணம் சற்றுப் பெரியது. நாங்கள் அங்கே நின்றது ஆறு கிழமை. ஆறு கிழமை முடிந்ததும் விமானமேறி வந்துவிட்டோம். ஏறிப் போவதற்கு விமானமில்லாத தாதிமாரும், சுடலையிலே வேலை செய்த இளைஞர்களும் அங்கேயே நின்றார்கள். அவர்களைப் பற்றியும் பேச இடந்தருவீர்களானால் வருகிறோம் என்றோம். காரியதரிசி அதற்கு இசைந்தபடியால் இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

"நாங்கள்" என்று சொல்வது மேடைக்காகச் சொல்லும் பன்மையன்று, உண்மையாகவே இருவர். யாழ்ப்பாணத்திலே தாதிப் பயிற்சி பெற்று, பின்னர் இலண்டனிலே ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே வாட்டில் வேலை பார்த்தவர்கள். ஒருவர் பேசுவது, மற்றவர் முன்வரிசையில் இருந்து பிழை திருத்துவது என்பது இன்றைய ஏற்பாடு. அவர் இருமினால் நாங்கள் ஏதோ கூட்டிச் சொல்லிவிட்டோம் என்று அறிந்துகொள்ளுங்கள்.

எபோலா என்ற நோயை உங்களிற் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1976ஆம் ஆண்டு அன்றைய சயர் நாட்டில் யம்புக்கு என்னும் ஊரிலும், அதே காலத்தில் சூடானிலும் முதன்முதல் அறியப்பட்டது. யம்புக்குவிலே பெல்ஜியத்திலிருந்து வந்த கன்னியாஸ்திரிகள் ஓர் ஆஸ்பத்திரி நடத்தினார்கள். அன்புடைய பெண்கள், தங்கள் ஊரை விட்டு வந்து ஏழைகளுக்காக உழைத்தவர்கள். ஆனால் அங்கே வெளிநோயாளருக்கு ஊசி போடுவதற்கு ஒரு நாளைக்கு ஐந்து சிறிஞ்சுகளே எடுத்துக் கொடுக்கப்பட்டன. ஒருவருக்குப் போட்ட ஊசியை வெந்நீரில் அலசி மற்றவருக்குப் போட்டார்கள். நோய் அந்த ஊசி வழியாகவே பரவியது. 318 பேருக்கு நோய் கண்டது. 280 பேர் இறந்தார்கள். ஆஸ்பத்திரி ஊழியரும் கன்னியாஸ்திரிகளுங்கூட இறந்தார்கள். தொண்டு செய்யப் புறப்படும் ஒவ்வொருவருக்கும் பயிற்சியின் முதல் நாளிலேயே இந்தக் கதையைச் சொல்லவேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

மேற்கு ஆபிரிக்காவில் வந்த பெருந்தொற்று 2013 டிசெம்பரில் கினி நாட்டுக் காட்டுப்புறத்திலே, மெலியண்டூ என்ற சிற்றூரில், ஒரு சிறு குழந்தையில் தொடங்கியது என்று கண்டிருக்கிறார்கள். 2014 மார்ச் மாதத்திலேதான் அது எபோலா என்று வெளிப்பட்டது. அதற்குள் எல்லை தாண்டிவிட்டது. உலக சுகாதார ஸ்தாபனம் சர்வதேச அவசரநிலை என்று அறிவித்தது ஆகஸ்ட் 8ஆந் திகதி. மார்ச்சுக்கும் ஆகஸ்டுக்கும் இடையே எத்தனை மாதம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். முடிவில் கினி, லைபீரியா, சியராலியோன் என்னும் மூன்று தேசங்களிலுமாக 28,600 பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டு, 11,300 பேருக்கு மேல் மாண்டார்கள். லைபீரியாவில் மட்டும் 4,800 பேர்.

லைபீரியா 1989 தொடக்கம் 2003 வரை, இடையிலே சிறிது ஓய்வு தவிர, உள்நாட்டு யுத்தத்திலே கிடந்த தேசம். நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட சனங்களுக்கு ஏறக்குறைய 50 வைத்தியர்களே இருந்தார்கள். யுத்தம் முடிந்தபின் ஆஸ்பத்திரிக் கட்டடம் எப்படி இருக்கும் என்பதை இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நாங்கள் விளக்கவேண்டியதில்லை.

நாங்கள் போனது 2014 ஒக்டோபரில். ஆஸ்பத்திரியில் லீவு கேட்டோம், கிடைத்தது. ஒரு தொண்டு நிறுவனம் எங்களைத் தேர்ந்து பயிற்சியளித்தது. வீட்டுக்குச் சொல்வதுதான் கஷ்டமாயிற்று. எங்களில் ஒருவரின் தாயார் சாவகச்சேரியில் இருக்கிறார். "ஆபிரிக்காவிலே ஒரு பயிற்சி" என்று மாத்திரம் அவருக்குச் சொன்னோம். பொய் என்று சொல்லமுடியாது, உண்மை என்றும் சொல்லமுடியாது. அவர் பத்திரிகை வாசிப்பவர் என்பதை மறந்துபோனோம். ஒரு கிழமை கழித்து மொன்றோவியாவுக்கே தொலைபேசி வந்தது.

"பிள்ளை, நீ போனது அந்தத் தேசத்துக்கோ?"

"ஓம் அம்மா."

வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "சாப்பாடு என்ன அங்கை?" என்று கேட்டார்.

அதற்கு நல்ல பதில் இருந்தது. லைபீரியர் சோறு தின்னும் சாதி. மூன்று வேளையும் கிடைத்தால் மூன்று வேளையும் சோறுதான். மரவள்ளி இலையையும் வற்றாளை இலையையும் அரிந்து, செம்பனை எண்ணெய் விட்டு, எங்கள் ஊர்க் கொச்சிக்காயும் தோற்கும்படியான மிளகாய் போட்டுச் சமைப்பார்கள். இலண்டனில் பத்து வருஷம் இருந்தும் கிடைக்காத உறைப்பு அங்கே கிடைத்தது. அம்மா இதைக் கேட்டுச் சிறிது ஆறுதலடைந்தார் என்று நம்பினோம். அவர் அன்றிலிருந்து நாங்கள் திரும்பும் வரை மச்சம் மாமிசம் தொடவில்லை என்பதைப் பின்னரே அறிந்தோம்.

விமானத்தால் இறங்கியவுடன் செய்த முதல் வேலை கைகழுவியது. வாசல்தோறும் ஒரு வாளி, வாளியின் அடியிலே ஒரு குழாய், உள்ளே குளோரீன் கலந்த தண்ணீர். கடை வாசலிலும் கந்தோர் வாசலிலும் அதுவே. நெற்றிக்கு நேரே ஒரு கருவியைப் பிடித்துக் காய்ச்சல் பார்ப்பார்கள். லைபீரியர் கைகுலுக்கும் முறை அழகானது. குலுக்கி விடும்போது இருவர் விரல்களையும் சேர்த்துச் சொடக்குப் போடுவார்கள். அந்த மாதங்களில் அந்தச் சொடக்குச் சத்தம் தேசத்திலேயே இல்லாமற் போயிற்று. ஒருவரையொருவர் தொடாமல், நெஞ்சிலே கைவைத்து நின்றார்கள். நாங்கள் பழக்கத்திலே கைகூப்பினோம். சிகிச்சை நிலையத்து வாயிற்காவலர் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டு, பின்னர் எல்லோருக்கும் கைகூப்பத் தொடங்கிவிட்டார்.

சிகிச்சை நிலையம் என்பது கூடாரங்களும் தகரக் கொட்டகைகளும். நோயாளர் பகுதியைச் சுற்றி இரட்டை வேலி. இரண்டு வேலிக்கும் நடுவே இரண்டு மீற்றர் வெளி. செம்மஞ்சள் நிறப் பிளாஸ்திக்கு வலைதான் வேலி. ஆனால் எங்களுக்கு ஊர்க் கிடுகுவேலிதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கம் எழுந்து உட்காரக்கூடிய நோயாளி கதிரையில் இருப்பார். இந்தப் பக்கம் மனைவி, மக்கள் நின்று சத்தம் போட்டுப் பேசுவார்கள். என்ன பேசுவார்கள்? ஆடு குட்டி போட்டது, மகன் சண்டை பிடித்தது, கடன்காரன் வந்தது. எங்கள் ஊரில் வேலிப்பொட்டுக்குள்ளால் என்ன பேசுவோமோ அதுவே. வேலியைக் கட்டியவர்கள் நோய்க்காகக் கட்டினார்கள். சனங்கள் அதைத் தங்கள் வேலியாக்கிக் கொண்டார்கள்.

உள்ளே போவதற்கு உடுக்கும் உடையைப் பற்றிச் சொல்லவேண்டும். றப்பர் சப்பாத்து, கழுத்திலிருந்து கால்வரை மூடும் அங்கி, இரண்டு சோடிக் கையுறை, வாய்மூடி, தலைமூடி, கண்ணுக்குக் கண்ணாடி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தடித்த பிளாஸ்திக்கு ஏப்பிரன். தோல் ஓர் அங்குலமும் தெரியக்கூடாது. முகமே தெரியாதபடியால் ஒருவரின் பெயரையும், உள்ளே போன நேரத்தையும் மற்றவர் பேனையால் ஏப்பிரனிலே எழுதிவிடுவார். தனியே ஒருவரும் போகக்கூடாது, எப்பொழுதும் இருவர். ஒருவர் மற்றவரின் கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கவேண்டும். சந்தேக நோயாளரிடமிருந்து நோய் நிச்சயமானவரிடம் போகலாம்; திரும்பி வரக்கூடாது. எழுதிய கடதாசி வெளியே வரக்கூடாது. ஆகையால் யாருக்கு எத்தனை தரம் வயிற்றோட்டம், யாருக்கு எவ்வளவு சேலைன் என்பதை வேலியோரம் வந்து உரத்துச் சொல்ல, வெளியே இருப்பவர் எழுதிக்கொள்வார்.

அந்த உடைக்குள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்பது ஆகாது. வியர்வை சப்பாத்துக்குள் வடிந்து நிற்கும். கண்ணாடி புகைபிடித்து, முன்னால் நிற்பது ஆளோ கம்பமோ தெரியாமற் போகும். ஆனால் உண்மையான ஆபத்து உள்ளே அன்று, கழற்றும் இடத்திலே. களைத்துப்போன மனுஷன் அவசரப்படுவான். அதற்காகவே ஒருவர் எதிரே நின்று, "இப்பொழுது கையைக் கழுவு, இப்பொழுது ஏப்பிரனை அவிழ், இப்பொழுது மறுபடி கழுவு" என்று ஒவ்வொரு செயலாகச் சொல்லுவார், இன்னொருவர் 0.5 வீதக் குளோரீனைத் தெளிப்பார். உடுக்க எடுத்ததிலும் பார்க்கக் கழற்ற எடுத்த நேரம் அதிகம். அப்படிச் சொல்லித் தந்தவர் ஒரு லைபீரியத் தாதி, எங்களுக்கு மூத்தவர், குரல் பள்ளிக்கூடத்துப் பெரிய ரீச்சரின் குரல். தம்முடன் வேலை செய்த மூவர் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இறந்துபோனதாக ஒருநாள் சொன்னார். அப்பொழுது அவர்களுக்கு இந்த உடையே இல்லை.

இனி, எங்கள் குறை ஒன்றைச் சொல்லவேண்டும். சொல்லாமல் விடலாமா என்று இருவரும் யோசித்தோம்.

எபோலா நோயாளியைக் கொல்லுவதிலே பெரும்பங்கு சத்திக்கும் வயிற்றோட்டத்துக்கும் உண்டு. ஒரு நாளில் ஐந்து லீற்றரும் அதற்கு மேலும் உடலிலிருந்து போய்விடும். போனதை உள்ளே விடவேண்டும். சேலைன் ஏற்றினால் நல்லது. ஏற்றுவதற்குக் கைகள் போதாதபோது வாயால் குடிக்கக் கொடுக்கவேண்டும். எங்கள் வீடுகளிலே ஜீவனி என்று வாங்கி வைக்கிறோமே, அதே உப்பும் குளுக்கோசும் கலந்த தூள்தான். ஒரு பைக்கற், ஒரு லீற்றர் தண்ணீர். விலை சொற்பம். ஆனால் கோப்பையை உயர்த்திப் பிடிக்க நோயாளிக்குப் பலம் இராது. யாராவது தலையைத் தாங்கிப் பிடித்து, ஒரு மிடறு, பின் இன்னொரு மிடறு என்று கொடுக்கவேண்டும்.

ஒருநாள் பின்னேரம், மீன் வியாபாரம் செய்யும் ஒருவர், நாற்பது வயதிருக்கும், எங்கள் பக்கம் திரும்பித் தண்ணீர் என்று கேட்டார். எங்கள் நேரம் முடிந்துவிட்டது. ஒருவரின் கண்ணாடி முற்றாகப் புகைத்துவிட்டது. மற்றவருக்குத் தலை சுற்றியது. கோப்பையை நிறைத்து அவர் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு, "அடுத்தவர்கள் வருவார்கள்" என்று சொல்லி வெளியே வந்தோம். அடுத்தவர்கள் போக இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாயிற்று, ஏனென்றால் அவர்கள் முதலில் மற்றைய பகுதியிலே மூன்று குழந்தைகளைப் பார்க்கவேண்டியிருந்தது. அவர்கள் போனபோது மனுஷன் இறந்திருந்தார். கோப்பை நாங்கள் வைத்தபடியே நிறைந்திருந்தது என்று வேலியோரம் வந்து சொன்னார்கள். சொன்னவர் குறையாகச் சொல்லவில்லை. மற்றக் கணக்குகளோடு அதையும் கணக்காகச் சொன்னார்.

விதிப்படி நாங்கள் செய்தது சரி. மயங்கி விழுந்திருந்தால் எங்களைத் தூக்க வருபவருக்கும் ஆபத்து. நிலையத்து வைத்தியரும் அப்படியே சொன்னார். இதை எத்தனையோ தரம் எங்களுக்குள் பேசியாயிற்று. இன்னும் ஐந்து மிடறு கொடுத்திருக்கலாம் என்று ஒருவர் சொல்ல, கொடுத்திருந்தாலும் பிழைத்திருக்கமாட்டார் என்று மற்றவர் சொல்லுவார். சில நாளில் முதலாமவர் சொன்னதை இரண்டாமவர் சொல்லுவார். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல எங்களுக்குத் தெரியாது.

அதன்பின் ஒரு மாற்றம் நடந்தது. எங்களால் அன்று, மூத்த தாதியின் யோசனையால். நோயிலிருந்து தப்பியவர்களை அந்நோய் உடனே மறுபடி பிடிப்பதில்லை. ஆகவே அவர்கள் இலேசான காப்புடையோடு நெடுநேரம் உள்ளே இருக்கலாம். தப்பிய பெண்கள் சிலரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். அவர்கள் தாயில்லாக் குழந்தைகளை மடியில் வைத்திருந்தார்கள்; குடிக்க மாட்டாதவர்களுக்குக் கோப்பை பிடித்தார்கள். நாங்கள் ஒரு மணித்தியாலத்துக்குள் ஓடியோடிச் செய்யாததை அவர்கள் ஒரு பாயிலே இருந்து செய்தார்கள்.

புள்ளிவிவரம் ஒன்று சொல்லி அப்பாற் போகிறோம். அந்தத் தொற்றுக் காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வைத்துச் சிகிச்சை பெற்ற எபோலா நோயாளர் 27 பேர். இறந்தவர்கள் ஐவர். மேற்கு ஆபிரிக்காவிலே சிகிச்சை நிலையத்துக்கு வந்துசேர்ந்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர் இறந்தார்கள். நோய் ஒன்றுதான்.

இறந்தவர்களைப் பற்றி இந்தச் சபையிலே விசேஷமாகச் சொல்ல ஒரு விஷயம் உண்டு. எபோலாவால் இறந்தவரின் உடலிலேதான் கிருமி மிகுதி. லைபீரியாவிலே பிணத்தை உறவினரே குளிப்பாட்டி, தொட்டு வழியனுப்புவது வழக்கம். அப்படித் தொட்டவர்களுக்கு நோய் தொற்றியது. மொன்றோவியாவில் மழைகாலத்திலே புதைகுழிகளில் நீர் ஊறி, புதைக்கவும் இடமில்லாமற் போனபோது, 2014 ஆகஸ்டில் அரசாங்கம் பிணங்களை எரிக்கும்படி கட்டளையிட்டது. எரிப்பதற்கு எங்கே போவது? லைபீரியர் எரிக்கும் வழக்கமுடையவர்களல்லர். அந்நாட்டிலே வாழ்ந்த இந்திய சமூகத்தார் தங்கள் தேவைக்கென்று போய்ஸ்ரவுண் என்ற இடத்தில் ஒரு சுடலை அமைத்திருந்தார்கள். அங்கேதான் எரித்தார்கள். எப்போதாவது ஓர் உடல் எரிந்த இடத்திலே, சில மாதத்துக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட உடல்கள் எரிந்தன.

எங்களுக்கு எரிப்பது கடைசி மரியாதை. கொள்ளி வைப்பது பிள்ளையின் கடமை. இதை நினைத்துக்கொண்டு, "எரிப்பதில் என்ன குறை?" என்று ஒரு லைபீரிய ஊழியரிடம் நாங்கள் ஒருமுறை கேட்டுவிட்டோம். கேட்டிருக்கக் கூடாது. மார்ச் மாதத்திலே அவர்களுக்கு ஒரு திருநாள் உண்டு. குடும்பம் குடும்பமாகப் போய்த் தங்கள் முன்னோரின் சமாதிகளைக் கழுவி, வர்ணம் பூசி, பூ வைப்பார்கள். "நான் எதைக் கழுவுவேன்?" என்று அவர் கேட்டார். சுடலைக்குக் கொண்டுபோவார்களே என்று பயந்து நோயாளரை வீட்டிலேயே மறைத்து வைத்த குடும்பங்களும் இருந்தன. டிசெம்பர் மாத முடிவில் எரிப்பதை நிறுத்தி, டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் பாதுகாப்பாகப் புதைக்கத் தொடங்கினார்கள். பின்பு சாம்பலையும் அங்கேயே கொண்டுசேர்த்தார்கள்.

அந்தச் சுடலையில் வேலை செய்தவர்கள் உங்களைப் போன்ற வாலிபர். வேறு ஒருவரும் முன்வராத வேலைக்கு முன்வந்தவர்கள். நோய் ஓய்ந்தபின் பிணம் எரித்தவர்கள் என்று சொந்தக் குடும்பத்தாரே அவர்களைச் சேர்க்கவில்லை. எங்களுக்குத் திரும்பி வந்தபோது மாலை போட்டார்கள். இன்றைக்குப் பொன்னாடையும் போட்டிருக்கிறீர்கள்.

தாதிமார் கதையும் அதிகம் வேறன்று. லைபீரியாவில் 370க்கு மேற்பட்ட சுகாதார ஊழியருக்கு நோய் தொற்றி, ஏறக்குறைய 190 பேர் இறந்தார்கள். சலோமி கார்வா என்ற பெண்ணின் பெயர் உலகமறிந்தது. தாய் தந்தை இருவரையும் எபோலாவுக்குப் பறிகொடுத்து, தானும் நோயுற்றுத் தப்பி, உடனே சிகிச்சை நிலையத்துக்குத் திரும்பிப்போய் நோயாளரைப் பராமரித்தவர். 2014இல் அமெரிக்க "டைம்" சஞ்சிகை அட்டைப்படத்தில் அவரைப் போட்டுக் கௌரவித்தது. 2017 பெப்ரவரியில், பிள்ளை பெற்றுச் சில நாளில் வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எபோலாவிலிருந்து தப்பியவர் என்று அங்கே தொடப் பயந்து நின்றார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அவர் இறந்துபோனார்.

வெளிநாட்டு உதவி தேவையில்லை என்று நாங்கள் சொல்வதாக எண்ணவேண்டாம். தேவை, நேரத்துக்கு வரவேண்டும். அமெரிக்கப் படையினர் லைபீரியாவிலே 11 சிகிச்சை நிலையங்களைக் கட்டினார்கள். கட்டி முடியும்போது நோய் இறங்கிவிட்டது. பதினொன்றிலும் சேர்ந்து 28 எபோலா நோயாளரே பார்க்கப்பட்டனர். ஒன்பது நிலையங்களுக்கு ஒரு நோயாளியும் வரவில்லை. நோயை இறக்கியது கட்டடம் மாத்திரம் அன்று. தொடாதே என்றால் தொடாமல், ஒவ்வொரு வட்டாரத்திலும் தங்களுக்குள்ளே ஆள்நியமித்து, யாருக்குக் காய்ச்சல் என்று வீடுவீடாய்ப் பார்த்த சனங்களுக்கே அதிலே பெரும்பங்கு. 2015 மே 9ஆந் திகதி லைபீரியா நோயற்றதென்று அறிவிக்கப்பட்டு, மீண்டும் சிறிது தலைகாட்டி, 2016 ஜூனில் முற்றாக ஓய்ந்தது. அன்று இல்லாத தடுப்பூசி, கினியில் 2015இல் பரிசோதிக்கப்பட்டு, 2019இல் அங்கீகாரம் பெற்றது.

திரும்பி வந்தபின் 21 நாள் காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து அறிவிக்கவேண்டும். அந்த நாட்களில் எங்கள் சிநேகிதி ஒருவர் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வாசற்படியில் வைத்து, மணியை அடித்துவிட்டுக் காருக்குள் ஓடிவிடுவார். யன்னலால் பார்த்துக் கைகாட்டுவோம். உறவினர் ஒருவர், "கலியாணத்துக்கு நீங்கள் வராவிட்டாலும் நாங்கள் குறைநினைக்கமாட்டோம்" என்றார். நாங்களும் குறைநினைக்கவில்லை. 21 நாள் கழிந்து பல மாதமாகியும் சிலர் எங்கள் வீட்டிலே தேநீர் குடிக்கவில்லை. அதைத்தான் கொஞ்சம் நினைத்தோம்.

நாங்களும் போகலாமா என்று இங்கே சிலர் காலையிலேயே கேட்டார்கள். போகலாம். தாதி, வைத்தியர் மாத்திரமன்று. தண்ணீர்க்குழாய் பூட்டத் தெரிந்தவர், வாகனம் திருத்தத் தெரிந்தவர், கணக்கு வைக்கத் தெரிந்தவர் எல்லோரையும் எடுக்கிறார்கள். முதலில் இங்கே ஒரு தொழிலை ஒழுங்காகப் பழகி, இரண்டு மூன்று வருஷம் செய்யுங்கள். அழைக்கும் நிறுவனம் பயிற்சி தராவிட்டால் போகவேண்டாம். படம் எடுத்துப் போடும் ஆசை இருந்தால் அதை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். தாயாருக்கு உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்கள். அவர் எப்படியும் அறிவார்.

முன்வரிசையில் இருமல் கேட்கிறது. நேரமாகிவிட்டது என்று பொருள். ஒன்றே ஒன்று சொல்லி அமர்கிறோம்.

2020ஆம் வருஷம் ஏப்பிரல் மாதம். இலண்டனில் கொரோனா நோயாளரால் எங்கள் வாட்டு நிரம்பி வழிந்தது. அங்கி போதாது, வாய்மூடி போதாது. பதினான்கு வருஷம் வேலை செய்த வாட்டிலே முதல்முறையாகப் பயந்து நின்றோம். ஓர் இரவு வேலை முடிந்து வந்தபோது மொன்றோவியாவிலிருந்து தொலைபேசியில் ஒரு செய்தி காத்திருந்தது. அந்த மூத்த தாதி பேசி அனுப்பியிருந்தார். உங்கள் ஊரில் அங்கி இல்லையாமே, பத்திரிகையிலே பார்த்தேன் என்றார். நலம் விசாரித்தார். பிறகு அதே பெரிய ரீச்சர் குரலில், "களைத்திருப்பீர்கள். கழற்றும்போது அவசரப்படவேண்டாம். இப்பொழுது கையைக் கழுவு, இப்பொழுது ஏப்பிரனை அவிழ், இப்பொழுது மறுபடி கழுவு" என்று தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். சமையலறையில் நின்றபடியே இருவரும் அதைக் கடைசிவரை கேட்டோம்.